ஆர்வின் கேட்ட கைத்துப்பாக்கி

சொத்து வரிச் சீட்டு காணாமல் போனபோதுதான் மார்லிஸுக்கு முதல் சந்தேகம் வந்தது.

அரிசோனா வீட்டுக் காகிதங்கள் சமையலறை இழுப்பறையில் ஒரு நீலக் கோப்பில் இருக்கும். மினசோட்டா வீட்டுக் காகிதங்கள் பச்சைக் கோப்பில். பதினோரு வருஷமாக, மினசோட்டாவின் பனிக்குத் தப்பி அக்டோபர் கடைசியில் தெற்கே அரிசோனாவுக்கு வருவதும், ஏப்ரல் பிறந்ததும் வடக்கே திரும்புவதுமாக இருக்கிற குடும்பம் அது. இரண்டு கோப்புகளும் அவர்களோடு வண்டியில் போய் வரும். மார்லிஸ் முப்பது வருஷம் பள்ளிக்கூட அலுவலகத்தில் வருகைப் பதிவேடு பார்த்தவள். ஒரு காகிதம் அதன் இடத்தில் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"ஆர்வின், கவுண்டி ஆபீஸ்லேர்ந்து வந்த வரிச் சீட்டை நீ எடுத்தியா?"

ஆர்வின் பின்கட்டில் உட்கார்ந்து பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். எழுபத்து நாலு வயது. மின்கம்பம் ஏறி ஏறி உரம் பாய்ந்த தோள்கள் இன்னும் அப்படியே இருந்தன.

"நான் எதுக்கு அதை எடுக்கப் போறேன்?"

"கோப்புல இல்லையே."

"இந்த வீட்ல எதுதான் வச்ச எடத்துல இருக்கு?" என்று சொல்லிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். புருஷன் பார்க்கிற பார்வையாக அது இல்லை. கடைக்குள் வந்த அந்நியரின் பையைக் காவலாளி பார்க்கிற மாதிரி இருந்தது.

வீட்டை விற்கப் பார்க்கிறார் என்று மார்லிஸ் முடிவு கட்டினாள். மினசோட்டாவில் டுலூத் நகரத்தில் இருக்கும் மகள் கிர்ஸ்டன் இரண்டு வருஷமாக அதையே பாடிக்கொண்டிருந்தாள். ரெண்டு வீடு எதுக்கும்மா, ரெண்டு கூரை, ரெண்டு குழாய், ரெண்டு தலைவலி. அப்பாவும் மகளும் தன் முதுகுக்குப் பின்னால் பேசிவைத்துக்கொண்டார்களோ? அன்று மாலை மகளிடம் போனில் பேசும்போது, "அப்பா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டாள். "எதைப் பத்தி?" என்றாள் கிர்ஸ்டன். அந்தக் கேள்வியும் மார்லிஸுக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

திங்கட்கிழமை ஆர்வின் ஸ்க்ரூ வாங்கப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

"ஸ்க்ரூ?"

"கிடைக்கல."

"இந்த ஊர்லயா கிடைக்கல?"

ஆர்வின் காது கேட்கும் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேச்சை முடித்துக்கொள்ள விரும்பினால் அதுதான் அவருடைய வழி.

செவ்வாய்க்கிழமை துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. ஆர்வினின் கட்டை எழுத்து. 'கோனி. வெள்ளி காலை 10. லைசென்ஸ் மறக்காதே.'

மார்லிஸ் துவைக்கும் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்துகொண்டாள். கோனி யார்? பெண் பெயராக இருக்கிறதே. வீடு விற்றுத் தரும் தரகரா? இல்லை, வேறு ஏதாவதா? நாற்பத்தாறு வருஷக் கல்யாணத்துக்குப் பிறகு, அரைச் செவிட்டுக் கிழவரைப் பற்றி இப்படி யோசிக்கிறோமே என்று சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்த பிறகும் சந்தேகம் போகவில்லை.

அடுத்த வீட்டு ஃபில்லிஸ், மினசோட்டாவை ஒட்டியிருக்கிற அயோவாக்காரி. அந்தத் தெருவில் யார் வண்டி எந்தக் கடை வாசலில் நின்றது என்பது அவளுக்குத் தெரியாமல் போகாது.

"உன் ஆளு வண்டியத்தானே கேக்கற? திங்கக்கெழம பார்த்தேன்டி. நான் முடி வெட்டிக்கிற கடை இருக்கில்ல, அந்த வரிசையில நின்னுச்சு."

"முடி வெட்டற கடை வாசல்லயா?"

"உன் ஆளுக்குத் தலையில வெட்ட என்ன இருக்கு? நானே கேக்கணும்னு நெனச்சேன். என்ன, தாத்தா சாயம் அடிச்சுக்கப் போறாரா?"

"அங்க கோனின்னு யாராவது இருக்காங்களா?"

ஃபில்லிஸின் கண் பளிச்சென்று ஆனது. "ஏன்டி கேக்கற?" என்று நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மார்லிஸ் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

புதன் காலை அவளே போனாள். முடிதிருத்தும் கடையில் கேட்டதும், கத்திரியைக்கூட நிறுத்தாமல் பக்கத்துச் சுவரைக் காட்டினார்கள். "கோனியா? அடுத்த கடை."

அடுத்த கடை துப்பாக்கிக் கடை.

உள்ளே எண்ணெய் வாசமும் குளிர்பதனக் காற்றும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கணும்மா?"

"கோனின்னு ஒருத்தரைப் பாக்கணும்."

"பார்த்துக்கிட்டுதான் இருக்கீங்க."

"என் வீட்டுக்காரர் திங்கக்கெழம இங்க வந்தாரா? ஆர்வின்னு பேரு. உசரமா இருப்பார், காதுல மிஷின் வச்சிருப்பார்."

"என் கடைக்கு யார் வந்தா, யார் போனான்னு நான் சொல்றதில்லம்மா. நாளைக்கு யாராவது வந்து உங்களைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"நான் அவரோட பொண்டாட்டி."

"அப்படின்னா சுத்தமா சொல்ல மாட்டேன்."

மார்லிஸ் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும்."

"மினசோட்டாவுல எப்படியோ, இங்க..." என்று கோனி ஆரம்பித்தாள்.

"நான் மினசோட்டான்னு உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

கோனி பேனாவைக் கீழே வைத்தாள். "உங்க பேச்சே சொல்லுதே."

"அயோவாக்காரங்களும் இப்படித்தான் பேசுவாங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோனி சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பிய பக்கத்துச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. மார்லிஸும் அதைப் படித்தாள்.

'இரண்டு மாநிலங்களில் வீடு உள்ளவர்கள் கவனத்துக்கு. இப்போது எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த மாநிலத்தில்தான் கைத்துப்பாக்கி வாங்க முடியும். குளிர்காலத்தில் இங்கே குடியிருப்பவர்கள், வெளிமாநில ஓட்டுநர் உரிமத்தோடு இங்குள்ள விலாசம் போட்ட அரசாங்கக் காகிதம் ஒன்றையும் கொண்டுவரவும். வாகனப் பதிவு, சொத்து வரிச் சீட்டு போன்றவை.'

சொத்து வரிச் சீட்டு. மார்லிஸ் அந்த இரண்டு சொற்களை மறுபடி மறுபடி படித்தாள். வீடு விற்பனையும் இல்லை, வேறொருத்தியும் இல்லை. ஒரு நிமிஷம் அந்த இரண்டில் ஒன்றாக இருந்திருக்கக்கூடாதா என்றிருந்தது.

"மினசோட்டா வீட்ல அவர்கிட்ட நாலு வேட்டைத் துப்பாக்கி இருக்கு," என்றாள். "மான் வேட்டைக்குப் போற மனுஷன்தான். ஆனா கைத்துப்பாக்கி அவர் வாழ்க்கையில தொட்டதில்ல. என்கிட்ட சொல்லாம எதுக்கு வாங்கறார்?"

"அதை அவர்கிட்டயே கேட்டுடலாமே."

"கேக்கப் பயமா இருக்கு."

கோனி எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு சொன்னாள்: "போன வருஷம் ஒரு அம்மா இப்படித்தான் வந்தாங்க. என் புருஷனுக்குப் புத்தி சரியில்ல, அவனுக்குக் குடுக்காதீங்கன்னு அழுதாங்க. நானும் நம்பிட்டேன். பின்னாடிதான் தெரிஞ்சுது, அந்த அம்மாவோட சிநேகிதன் அந்தப் புருஷனை அடிச்சுத் துரத்தியிருக்கான்னு. அவர் பயந்துபோய்தான் என்கிட்ட வந்திருக்கார். அதனால யார் சொல்றதையும் நான் சட்டுனு நம்பறதில்ல. கோர்ட்டு உத்தரவு இருக்கா? டாக்டர் குடுத்த காகிதம்?"

"இல்ல."

"அப்ப உங்க வாய்வார்த்தை மட்டும்தான் இருக்கு."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மார்லிஸுக்கு ஒரே நினைப்புதான். தன்னையே முடித்துக்கொள்ளத்தான் வாங்குகிறாரோ? கடந்த ஒரு வருஷத்தில் மட்டும் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். காது போன பிறகு சீட்டாடப் போவதை நிறுத்திவிட்டார். ரேடியோவைப் பிரிக்கிறார், திரும்பச் சேர்ப்பதில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் அவர் தூங்கும்போது வண்டிக்கொட்டகையில் இருந்த கருவிப் பெட்டியைத் திறந்தாள். கடிதம் ஏதாவது எழுதி வைத்திருப்பாரோ என்று தேடினாள். இடுக்கிகளுக்கு அடியில் ஒரு சின்னக் குறிப்பேடு இருந்தது. கம்பம் ஏறிய காலத்திலிருந்தே எதையும் குறித்து வைப்பது அவர் வழக்கம். எந்தக் கம்பம், எந்தக் கம்பி, எத்தனை மணிக்கு.

ஜனவரி 9. காபிக் கோப்பை இடம் மாறியிருக்கிறது.

ஜனவரி 11. துளைக்கருவி காணோம். பூட்டு உடைக்கப்படவில்லை. சாவி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 14. காலை 6.20. சமையலறையில் ஒரு பெண். மார்லிஸின் அங்கியைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மார்லிஸ் மாதிரியே பேசுகிறாள். நான் காட்டிக்கொள்ளவில்லை.

ஜனவரி 17. மறுபடியும் வந்தாள். மார்லிஸ் எங்கே என்று கேட்டேன். சிரிக்கிறாள்.

ஜனவரி 19. மார்லிஸுக்கு ஆபத்து வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும்.

மார்லிஸுக்குப் பதினேழாம் தேதி நினைவிருந்தது. முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து அவர், "மார்லிஸ் எங்க?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தாள். "ஓடிப்போயிட்டா, நல்ல ஆம்பளையா பார்த்து," என்று சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. முட்டையைச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். உப்பு அதிகமோ என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

குறிப்பேட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு மறுபடியும் எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அந்தத் துப்பாக்கி யாருக்கு என்பதில் இப்போது சந்தேகமே இல்லை. அவளைக் காப்பாற்ற அவளையே சுடுவதற்கு.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் உருளைக்கிழங்கை வெட்டியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அவளும் எத்தனையோ ஆயிரம் தடவை இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போதுதான் முதல் தடவையாக, இவர் கண்ணுக்கு இந்த நிமிஷம் நான் யார் என்று அவள் யோசித்தாள்.

"காலையில எங்க போன?"

"கடைக்கு."

"என்ன வாங்கின?"

"ஒண்ணும் வாங்கல."

"ஒண்ணும் வாங்காம வர்றதுக்கு எதுக்குக் கடைக்குப் போகணும்?" அவர் கத்தியைத் தட்டில் வைத்தார். "ம்?"

"ஸ்க்ரூ கிடைக்கல," என்றாள் மார்லிஸ்.

அவர் முகம் சட்டென்று இளகியது. குபீரென்று சிரித்துவிட்டார். "என்னையே மடக்கற பாரு, மார்லிஸ்." அது பழைய ஆர்வின். அவளுக்கு உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஆனாலும் படுக்கப் போகும் முன் விருந்தினர் அறைக்குப் போய்க் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டாள். முதுகு வலிக்கிறது, புரண்டு புரண்டு படுப்பேன் என்று சாக்குச் சொன்னாள்.

வியாழக்கிழமை குறிப்பேட்டோடு மறுபடி கடைக்குப் போனாள். கோனி நின்றபடியே படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"இது அவர் எழுதினதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சொல்றீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. நீங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கலாம்."

மார்லிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் தானும் இதே இடத்தில் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பாள். கோனி குறிப்பேட்டோடு உள்ளறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஆர்வின் திங்கட்கிழமை எழுதிக் கொடுத்த படிவம் அங்கேதான் இருக்க வேண்டும். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தவள் குறிப்பேட்டைக் கண்ணாடிமேல் மெதுவாக வைத்தாள்.

"அந்த '4' போடற விதம் அச்சா அப்படியே இருக்கு," என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "உட்காருங்கம்மா."

உட்கார்ந்தாள்.

"படிவத்துல கேள்வி நெறைய இருக்கு. ஜெயிலுக்குப் போனியா, போதை மருந்து உண்டா, மனநோய்னு கோர்ட்டு சொல்லியிருக்கா, எல்லாம் கேக்குது. மறதி வருதான்னு ஒரு கேள்வி கிடையாது. அவர் எல்லாத்துக்கும் நேர்மையாத்தான் பதில் எழுதியிருக்கார். அரசாங்கத்துல பேரைச் சரிபார்க்கக் கொஞ்சம் தாமதமாச்சு, வேற யாரோ அதே பேர்ல இருக்கானாம். நேத்து சாயங்காலம் சரின்னு வந்துடுச்சு. சட்டப்படி அவர் வாங்கலாம்."

"நீங்க குடுக்க மாட்டேன்னு சொல்லலாமில்ல?"

"தாராளமா சொல்லலாம். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்ல. நான் குடுக்கப் போறதும் இல்ல, அதை விடுங்க. ஆனா அவர் கோவமா வெளிய போவார். இந்த ரோட்டுலயே இன்னும் அஞ்சு கடை இருக்கு. வரிச் சீட்டு அவர் கையில. அந்தக் கடைக்காரன் உங்களைப் பார்த்திருக்க மாட்டான்."

மார்லிஸ் தலையை ஆட்டினாள். ஆர்வினை அவளுக்குத் தெரியும். முடியாது என்று யாராவது சொன்னால் அதை முடித்துக் காட்டும் வரை ஓய மாட்டார்.

"நாளைக்கு நீங்களும் கூட வாங்க," என்றாள் கோனி. "துப்பாக்கியை வேற நாள்ல எடுத்துட்டுப் போறவங்க அந்தப் படிவத்தைத் திரும்பப் பார்த்து, எல்லாம் இன்னும் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும். என்ன சொல்றார்னு நானும் பார்க்கறேன். அதுக்குள்ள மத்த கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை ஆர்வின் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டை அணிந்துகொண்டார். எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்றார். எனக்கும் அந்தப் பக்கம்தான், முடி வெட்டிக்கொள்ள வேண்டும் என்றாள் மார்லிஸ். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவே இல்லை. அது அவருக்குத் தட்டுப்படவும் இல்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கள்ளிச்செடிகளும் செம்மண்ணும் ஓடிக்கொண்டிருந்தன. "பனி ஏன் இன்னும் விழல?" என்று ஒரு தடவை கேட்டார்.

அவர் கடைக்குள் போய் இரண்டு நிமிஷம் கழித்து மார்லிஸும் போனாள். ஆர்வின் திரும்பிப் பார்த்தார்.

"இவங்க என் பொண்டாட்டி," என்று கோனியிடம் சொன்னார். முகத்தில் கொஞ்சம் அசடு வழிந்தது. "உனக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன். சரி, வந்துட்ட. வீட்டுக்குள்ள யாரோ வந்து போறாங்க, மார்லிஸ். நீ பயப்படுவேன்னு சொல்லல."

"வாங்க சார்," என்றாள் கோனி. "முதல் பக்கத்தை ஒருதரம் படிச்சுப் பார்த்துடுங்க. எல்லாம் சரியா இருந்தா பின்னாடி கையெழுத்துப் போடலாம்."

ஆர்வின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். பெயர். பிறந்த ஊர். உயரம். விரல் விலாசத்தில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே இருந்தது.

மார்லிஸ் தொப்பிகள் தொங்கிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரியாகச் சொல்லிவிடு என்று மனசுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. சரியாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"இது யார் விலாசம்?"

"நீங்க எழுதினது சார்."

"நானா? இல்லையே. இது எங்கயோ அரிசோனான்னு போட்டிருக்கு. என் வீடு ஏரிக்கரை ரோட்ல. பதினாலாம் நம்பர். பச்சைக் கதவு."

"அது எந்த மாநிலம் சார்?"

"மினசோட்டா. வேற எந்த மாநிலம்?"

"இப்ப நீங்க குடியிருக்கறது?"

"அதைத்தானே சொல்றேன். இங்க ரெண்டு நாள் வந்திருக்கோம், இவ தங்கச்சியப் பார்க்க. நாளைக்குக் கெளம்பறோம். ஏரி உறைஞ்சிருக்கும், ஐஸ் மேல உட்கார்ந்து மீன் பிடிக்கிற குடிசையை இழுத்துட்டுப் போய் வைக்கணும்."

மார்லிஸின் தங்கை இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. கோனி மார்லிஸைப் பார்த்தாள். மார்லிஸ் தரையைப் பார்த்தாள்.

"அப்படின்னா ஒரு சிக்கல் சார்," என்றாள் கோனி. ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாகச் சொன்னாள். "நீங்க மினசோட்டாவுல குடியிருக்கறவர்னா நான் இங்க உங்களுக்குக் கைத்துப்பாக்கி குடுக்க முடியாது. இங்க குடியிருந்தாத்தான் குடுக்கலாம். சட்டம் அப்படி."

ஆர்வின் நிமிர்ந்தார். முகம் கறுத்தது. கோனியைப் பார்த்தார், பிறகு மார்லிஸைப் பார்த்தார். முதல் நாள் பின்கட்டில் பார்த்த அதே பார்வை.

"நீங்க ரெண்டு பேரும் பேசிவச்சுக்கிட்டீங்களா?"

கோனியின் கை மெதுவாக நகர்ந்து, கண்ணாடிமேல் இருந்த துப்பாக்கிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"சட்டம் பேசிவச்சது சார்," என்றாள். "நான் வெறும் கடைக்காரி. நீங்களே படிச்சுப் பாருங்க, அதோ சுவர்ல இருக்கு."

அவர் போய்ப் படித்தார். இரண்டு தடவை படித்தார். ஆர்வின் முப்பத்தாறு வருஷம் மின்கம்பத்தில் வேலை பார்த்து ஒரு விரலைக்கூட இழக்காதவர். விதி எழுதியிருந்தால் அதை மீறாதவர். திரும்பி வந்தபோது தோள்கள் தாழ்ந்திருந்தன.

"நியாயம்தான்," என்றார். "படிவத்துல பொய் எழுதினா ஜெயில்னு போட்டிருக்கில்ல?"

"ஆமா சார்."

"அப்ப அதைக் கிழிச்சுப் போட்டுடு."

"கிழிக்கக் கூடாது சார், நான்தான் வச்சிருக்கணும். ஆனா விற்கலன்னு அதுலயே எழுதிடறேன்." அவர் பார்க்கும்படியே எழுதினாள். அவர் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டிமேல் வைத்திருந்த வரிச் சீட்டை எடுத்து மார்லிஸிடம் நீட்டினாள். "இதை உங்க வீட்டம்மாகிட்டயே குடுத்துடறேன்."

திரும்பும்போது வண்டியை மார்லிஸ் ஓட்டினாள். சாவியைக் கேட்காமலேயே கொடுத்துவிட்டிருந்தார். நாலு சிக்னல் தாண்டின. பிறகு அவள் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க ஒரு உதவி பண்ணணும். நான் துப்பாக்கி வாங்கப் போனது மார்லிஸுக்குத் தெரிய வேண்டாம். பாவம், அவ பயப்படுவா."

அவர் அவளை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மார்லிஸ் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போனாள். பிறகு இன்னொரு டாக்டர். கடிகாரம் வரையச் சொன்னார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். கிர்ஸ்டன் போனில் அழுதாள். அழுது முடித்ததும் அவளும் அவள் புருஷனும் ஏரிக்கரை வீட்டுக்குப் போய், நாலு வேட்டைத் துப்பாக்கிகளையும் குண்டுப் பெட்டிகளையும் டுலூத்துக்கு எடுத்துப் போனார்கள். "நாலுமா? எண்ணினியா?" என்று மார்லிஸ் மூன்று தடவை கேட்டாள். "அலமாரிக்குப் பின்னாடி? படகுக்கொட்டகையில?" மகள் சலிக்காமல் பதில் சொன்னாள்.

அங்கேயும் இங்கேயுமாக அலைந்தால் அவர் இன்னும் குழம்பிப்போவார், ஒரே வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. ஆர்வின் எந்த வீட்டில் இருப்பதாக நினைக்கிறாரோ அந்த வீடு என்று மார்லிஸ் முடிவு செய்தாள். பிப்ரவரியில் புறப்பட்டார்கள். ஃபில்லிஸ் வாசலில் நின்று, "பிப்ரவரியில எவளாவது மினசோட்டாவுக்குப் போவாளா? உனக்கும் கழண்டுபோச்சா?" என்று கத்தினாள். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று மார்லிஸ் கேட்கவில்லை.

ஏரி கட்டாந்தரையாக உறைந்திருந்தது. முதல் இரண்டு வாரம் ஆர்வின் பழைய மனிதர் மாதிரியே இருந்தார். மீன் பிடிக்க ஏரிப் பனியில் துளை போடும் கருவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் நல்ல மீன் ஒன்று பிடித்துவந்து தானே சுத்தம் செய்தார். மார்லிஸ் ஒவ்வொரு அறைக்குள் போகும் முன்பும் வாசலில் நின்று, "ஆர்வின், மார்லிஸ் வர்றேன்," என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவர் பதில் சொன்ன பிறகுதான் உள்ளே போவாள். கத்திகளைப் பூட்டி வைத்தாள். பூட்டும்போதெல்லாம் திருடி போல் உணர்ந்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை அவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். பெட்டியும் பக்கத்தில் இருந்தது.

"ஆர்வின், மார்லிஸ் வர்றேன்."

அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப நல்லா கவனிச்சுக்கிட்டீங்க. ஆனா எத்தனை நாள்தான் அடுத்தவங்க வீட்ல இருக்கறது? இந்த வீட்டுக்காரங்க எப்ப வருவாங்க?"

மார்லிஸ் அடுப்பில் காபியை ஏற்றினாள். அவர் கையிலிருந்து தொப்பியை வாங்கிக் கொக்கியில் மாட்டினாள்.

"வர நேரமாகும்," என்றாள். "அதுவரைக்கும் உட்காருங்க."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். இந்தத் தடவை அந்தப் பார்வையில் பகை இல்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவளும் எதிரே உட்கார்ந்தாள். ஆனால் நாற்காலியைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.